காற்றை எடைபோடும் குழாய்

டொயோட்டா 86 ஓட்டுகிற யாரைக் கேட்டாலும் ஒரு பள்ளத்தைப் பற்றிச் சொல்வார்கள். இரண்டாவது கியரில் ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதித்தால் 3,000 சுற்று வரை நன்றாக இழுக்கும் இன்ஜின், 3,500-ஐத் தாண்டியதும் மூச்சு வாங்குவதுபோல் தளர்ந்து, 4,500-க்கு மேல் மறுபடி விழித்துக்கொள்ளும். 2012-ல் டொயோட்டாவும் சுபாருவும் சேர்ந்து கொண்டுவந்த கார் இது. சுபாருவிடம் வாங்கினால் பிஆர்இசட்; அமெரிக்காவில் 2016 வரை சையன் எஃப்ஆர்-எஸ் என்ற பெயரில் விற்றார்கள். குறைந்த எடை, பின்சக்கர இழுவை, படுக்கைவாட்டில் எதிரெதிராக இயங்கும் நான்கு சிலிண்டர்கள். வளைவுகளில் இவ்வளவு இன்பம் தரும் கார் அந்த விலையில் அரிது. குறை என்று எல்லோரும் சொன்னவை இரண்டு: 200 குதிரைத்திறன் போதவில்லை என்பது ஒன்று, நடுவில் விழும் அந்தப் பள்ளம் மற்றொன்று.

இந்த இரண்டுக்கும் மருந்தாகப் பெரும்பாலோர் முதலில் வாங்குவது ஏர் இன்டேக். மற்ற மாற்றங்களைவிட விலை குறைவு. ஒரு மாலைப்பொழுதில் வீட்டு வாசலிலேயே மாட்டிவிடலாம். பானெட்டைத் தூக்கினால் பளபளவென்று கண்ணில் படும். கூடுதல் காற்று போனால் கூடுதல் சக்தி வரும் என்ற வாதமும் எளிதில் புரிந்துவிடுகிறது. ஆனால் அந்தக் குழாயைப் பலரும் இன்ஜினின் மூக்காக மட்டுமே நினைத்து வாங்குகிறார்கள். இந்தக் காரில் அது ஒரு தராசும்கூட. இன்டேக் பற்றிய தவறான தேர்வுகளில் பெரும்பாலானவை இந்த இரண்டாவது வேலையை மறந்ததால் நேர்ந்தவை என்பது என் முடிவு.

மூக்கு வேலையை முதலில் கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். 86-இன் எஃப்ஏ20 இன்ஜின் 1,998 சிசி. சிலிண்டரின் விட்டமும் பிஸ்டன் ஏறியிறங்கும் தூரமும் இரண்டுமே 86 மில்லிமீட்டர். நாலு-ஸ்ட்ரோக் இன்ஜின் இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் தன் கொள்ளளவு முழுவதையும் நிரப்பிக்கொள்ளும். நிமிடத்துக்கு 7,000 சுற்றில் அது 3,500 முறை நடக்கிறது. ஏறத்தாழ 7,000 லிட்டர் காற்று. மொட்டைமாடியில் வைக்கிறோமே, ஆயிரம் லிட்டர் தண்ணீர்த் தொட்டி, அதைப்போல் ஏழு தொட்டிக் காற்று ஒரே நிமிடத்தில் உள்ளே போகிறது. எடையாகச் சொன்னால் சுமார் எட்டு கிலோ.

இன்ஜின் காற்றை உறிஞ்சுகிறது என்று பேச்சுக்குச் சொல்கிறோம். உண்மையில் பிஸ்டன் கீழிறங்கி இடம் விடுகிறது. வெளியே இருக்கும் வளிமண்டலம் தன் அழுத்தத்தால் காற்றை உள்ளே தள்ளுகிறது. கடல்மட்டத்தில் அந்த அழுத்தம் சுமார் 101 கிலோபாஸ்கல். நம்மிடம் உள்ள முதல் அவ்வளவுதான். வழியில் ஃபில்டர், பெட்டி, நெளிகுழாய், வளைவுகள் என ஒவ்வொன்றும் அதில் கொஞ்சம் பிடித்துக்கொள்கின்றன. கம்பெனி மாட்டிய அமைப்பு முழு வேகத்தில் 2 கிலோபாஸ்கல் பிடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அது மொத்தத்தில் இரண்டு விழுக்காடு. ஃபில்டரே இல்லாமல், பெட்டியே இல்லாமல், அந்த இழப்பு முழுவதையும் பூஜ்யமாக்கினாலும் 200 குதிரைத்திறனில் கிடைக்கக்கூடியது நாலு. ஃபில்டர் இருந்தாக வேண்டும் என்பதால் நடைமுறையில் அதில் பாதி கிடைத்தாலே நல்ல வேலை. டர்போ இல்லாத இன்ஜினில் இந்த உச்சவரம்பை எந்தக் குழாயும் தாண்ட முடியாது. குழாயின் நீளம், அலை அதிர்வு ஆகியவற்றால் ஒரு குறிப்பிட்ட வேகத்தில் கொஞ்சம் கூடலாம், இன்னொரு வேகத்தில் குறையவும் செய்யும்.

முன்பக்கம் வாய் திறந்துவைத்து, ஓட்டத்தின் வேகத்தாலேயே காற்றைத் திணிப்பதாகச் சொல்லும் அமைப்புகளும் உண்டு. மணிக்கு 100 கிலோமீட்டரில் எதிர்காற்று தரும் அழுத்தம் அரை கிலோபாஸ்கலுக்கும் குறைவு. 200-ல் ஏறக்குறைய 1.8. வேகம் இரட்டித்தால் நான்கு மடங்கு என்பதால் பந்தயத் தடத்தின் நீண்ட நேர்கோட்டில் இதற்குப் பொருள் உண்டு, ஊருக்குள் இல்லை.

அப்படியானால் விளம்பரங்களில் பத்து, பன்னிரண்டு குதிரைத்திறன் கூடியதாகக் காட்டும் டைனோ (சக்தியை அளக்கும் மேடை) வரைபடங்கள் பொய்யா? பல சமயம் பொய் இல்லை. ஆனால் அந்தச் சக்தி எங்கிருந்து வந்தது என்பதை அவை சொல்வதில்லை. இங்கேதான் தராசு வருகிறது.

ஃபில்டரைத் தாண்டியவுடன் குழாயின் சுவரில் ஒரு சிறிய சென்சார் உள்ளே நீட்டிக்கொண்டிருக்கும். மாஃப் சென்சார் என்பார்கள். அதற்குள் சூடேற்றிய மிக மெல்லிய உணர்பொருள் ஒன்று. காற்று மேலே படும்போது அது குளிரும். குளிராமல் வைத்திருக்க எவ்வளவு மின்சாரம் தேவைப்படுகிறது என்பதை வைத்துக் கம்ப்யூட்டர் காற்றின் எடையை ஊகிக்கிறது. அந்த எடைக்கு ஏற்ப பெட்ரோலை அளந்து விடுகிறது. கவனிக்க வேண்டியது என்னவென்றால், சென்சார் பார்ப்பது குழாயில் ஓடும் காற்று முழுவதையும் அல்ல, தன்மேல் படும் ஒரு துளியை. அந்தத் துளியை வைத்து மொத்தத்தைக் கணக்கிட, குழாயின் உள்விட்டம் இவ்வளவு, காற்று சென்சாரை இந்தச் சீரில் வந்தடையும் என்று தொழிற்சாலையில் ஓர் அட்டவணை எழுதிவைத்திருக்கிறார்கள். அதாவது அந்த இடத்தில் குழாய்தான் தராசுத்தட்டு. குழாயை மாற்றுகிறவர் தட்டை மாற்றிவிட்டுப் படிக்கல்லை அப்படியே வைத்துக்கொள்கிறார்.

ஒரு கணக்கு. சென்சார் இருக்கும் இடத்தில் 70 மில்லிமீட்டர் குழாய் இருந்தது, அதை எடுத்துவிட்டு 76 மில்லிமீட்டர் குழாய் மாட்டுகிறோம் என்று கொள்வோம். ஆறு மில்லிமீட்டர்தானே என்று தோன்றும். பரப்பு 18 விழுக்காடு கூடிவிட்டது. அதே எடைக் காற்று இப்போது மெதுவாக ஓடும், பழைய வேகத்தில் 85 விழுக்காடு. சென்சார் காற்று குறைந்துவிட்டதாக நினைக்கும். கம்ப்யூட்டர் பெட்ரோலையும் 15 விழுக்காடு குறைக்கும். முழுக்க மிதிக்கும்போது ஒரு பங்கு பெட்ரோலுக்கு 12.5 பங்கு காற்று என்று போயிருந்த கலவை 14.7-க்கு வந்து நிற்கும். மெதுவாக ஓட்டும்போது வேண்டுமானால் 14.7 சரியான அளவு. முழுச் சுமையில், அதுவும் கலவையைப் பன்னிரண்டரை மடங்கு அழுத்தும் இந்த இன்ஜினில், அது வெப்பத்தையும், கலவை நேரம் தவறி வெடிக்கும் நாக்கிங்கையும் கூப்பிட்டு உட்காரவைக்கும் அளவு.

சாதாரண ஓட்டத்தில் இது வெளியே தெரியாது. எக்ஸாஸ்டில் உள்ள ஆக்ஸிஜன் சென்சாரைப் பார்த்துக் கம்ப்யூட்டர் பெட்ரோலைத் திருத்திக்கொண்டே இருக்கும். திருத்தம் எல்லை மீறினால் பி0171 என்ற குறியீட்டோடு டாஷ்போர்டில் இன்ஜின் விளக்கு எரியும். ஆனால் முழுக்க மிதிக்கும்போது பெரும்பாலான கார்களில் அந்தத் திருத்தம் நின்றுபோகும், அல்லது முன்பு கற்றுக்கொண்ட திருத்தத்தை ஓரளவுக்கு மட்டும் எடுத்துக்கொள்ளும். அப்போது கம்ப்யூட்டர் நம்பியிருப்பது தராசை மட்டும்தான்.

விளம்பர வரைபடத்தின் மர்மமும் இதிலேயே அவிழ்கிறது. தொழிற்சாலை அமைப்பில் உச்ச வேகத்தில் பெட்ரோலைச் சற்று அதிகமாகவே விடுவார்கள். வினையூக்கி மாற்றி வெந்துபோகாமல் காக்கவும், பாலைவன வெயிலிலும் மட்டமான பெட்ரோலிலும் இன்ஜின் பிழைக்கவும் அந்த உபரி. குழாய் சற்றுப் பெரிதாகித் தராசு குறைத்துக் காட்டினால் அந்த உபரி பெட்ரோல் குறையும், சக்தி கூடும். கூடியது காற்றால் அல்ல, கலவை மாறியதால். அதே லாபத்தைப் பழைய பெட்டியை வைத்துக்கொண்டே, கம்ப்யூட்டரின் அட்டவணையை முறையாகத் திருத்தி, நாக்கிங்கைக் கண்காணித்துக்கொண்டு பெறலாம். குழாயை மாற்றும் வழியில் பாதுகாப்பு எவ்வளவு போயிற்று என்று யாருக்கும் தெரியாது. ஓர் இன்டேக் ட்யூனிங் தேவையில்லாமலே வேலை செய்யும் என்று அதன் பெட்டியில் எழுதியிருந்தால், சென்சார் இருக்கும் இடத்தின் விட்டத்தையும், காற்றை நேர்ப்படுத்தும் வலை இருந்தால் அதையும் அவர்கள் அப்படியே பின்பற்றியிருக்கிறார்களா என்று முதலில் பார்க்க வேண்டும். மற்ற எல்லாவற்றையும்விட நான் முக்கியமாகக் கருதும் கேள்வி இது.

அடுத்தது வெப்பம். கடையில் கிடைப்பவற்றை நாலு வகையாகப் பார்க்கலாம். பழைய பெட்டியில் ஃபில்டரை மட்டும் மாற்றுவது; பெட்டியை எடுத்துவிட்டுத் திறந்த கூம்பு ஃபில்டர் வைப்பது; நீண்ட குழாயால் ஃபில்டரை மட்கார்டுக்கோ பம்பருக்கோ பின்னால் இறக்குவது; ஃபில்டரை மூடிய பெட்டிக்குள் வைத்து வெளியிலிருந்து மட்டும் காற்றெடுப்பது. ஜப்பானில் திறந்த வகைக்குக் கினோகோ என்று செல்லப்பெயர், காளான் என்று பொருள். ஹெச்கேஎஸ் நிறுவனத்தின் காளான் வடிவ ஸ்பாஞ்சு ஃபில்டர் ஒரு தலைமுறையின் அடையாளமாகவே இருந்தது. பார்க்க அழகு, சத்தம் அருமை. ஆனால் அது மூச்செடுப்பது இன்ஜின் அறையின் சூட்டை. 35 டிகிரி வெளிக்காற்றுக்குப் பதில் 55 டிகிரிக் காற்று உள்ளே போனால் அடர்த்தி ஆறு விழுக்காடு குறையும். குழாயை மாற்றி அடையக்கூடிய அதிகபட்ச லாபம் இரண்டு விழுக்காடு என்று மேலே பார்த்தோம். நஷ்டம் அதைப்போல் மூன்று மடங்கு. ஓடத் தொடங்கியபின் கிரில் வழியே வரும் காற்று அறையை ஓரளவு குளிர்விக்கும் என்பது உண்மை. சிக்னலில் நின்று கிளம்பும்போதும், தடத்தில் மெதுவான வளைவுகள் தொடர்ந்து வரும்போதும் அந்த ஆறுதல் கிடையாது.

86-இல் தொழிற்சாலைக் குழாயின் வாய் ரேடியேட்டருக்கு மேலே, முன்னால், வெளிக்காற்றைப் பார்த்தபடிதான் இருக்கிறது. அதை வடிவமைத்தவர்கள் குளிர்ந்த காற்றை எடுக்கத் தெரியாதவர்கள் இல்லை. இந்தக் காருக்குத் திறந்த கூம்பு வைப்பது, இருக்கிற நல்லதை விற்று வெறும் சத்தத்தை வாங்குவது. கீழே இறக்கும் நீண்ட குழாய் வெப்பத்தைத் தீர்க்கிறது, வேறொன்றைக் கொண்டுவருகிறது: மழைத்தண்ணீர். தேங்கிய தண்ணீரில் ஃபில்டர் மூழ்கினால் இன்ஜின் தண்ணீரை இழுத்துக்கொள்ளும். தண்ணீரை அழுத்த முடியாது. பிஸ்டன் மேலே வர முடியாமல் கனெக்டிங் ராடு வளையும். ஒரு நொடியில் முடிந்துபோகும் விபத்து அது. மழை ஊரில் இருப்பவர்கள் அந்த வகையைத் தொடவே வேண்டாம் என்பேன். மாற்றியே தீர வேண்டும் என்றால் மூடிய பெட்டி வகைதான்.

டர்போ கார்களுக்கு இந்தக் கணக்கு வேறு. அங்கே டர்போவுக்கு முன்னால் இழக்கும் அழுத்தம் டர்போவின் பெருக்கலோடு சேர்ந்து பெருகும். அதை ஈடுகட்ட டர்போ கூடுதலாகச் சுற்ற வேண்டிவரும். அதனால் காற்றும் சூடாகும். அவற்றுக்கு நல்ல இன்டேக் உண்மையாகவே உதவுகிறது. டர்போ காரில் கிடைத்த பலனைக் காட்டி 86-க்குப் பொருள் விற்பதைத்தான் ஏற்க முடியவில்லை.

ஃபில்டரின் வேலை தூசியைத் தடுப்பது என்பது இந்தப் பேச்சுகளில் ஏனோ கடைசியில்தான் வருகிறது. தூசியில் இருக்கும் நுண்மணல் பிஸ்டன் ரிங்குகளை அரம்போல் தேய்க்கும். ஃபில்டர்களைச் சோதிக்க ஐஎஸ்ஓ 5011 என்ற சர்வதேசத் தரநிலை இருக்கிறது. அளவு பிரித்த மணல்தூசியை ஊதிப் பார்த்து, எவ்வளவு பிடித்தது, எவ்வளவு கசிந்தது, காற்றுக்கு எவ்வளவு தடை என்று அளப்பார்கள். அந்தத் தூசிக்கு அரிசோனா தூசி என்றே பெயர் நிலைத்துவிட்டது. தொழிற்சாலைகள் வைக்கும் மடிப்புக் காகிதம் நன்றாக வடிகட்டும். கே அண்ட் என் நிறுவனத்தால் உலகெங்கும் பரவிய, எண்ணெய் தடவிய பருத்தித் துணி ஃபில்டர் காற்றை எளிதாக விடும். கழுவித் திரும்பப் பயன்படுத்தலாம். ஆனால் காற்றை எளிதாக விடுவதும் தூசியை இறுகப் பிடிப்பதும் ஒன்றையொன்று இழுக்கும் குணங்கள். கழுவியபின் எண்ணெயை அள்ளித் தடவினால் அது பறந்துபோய் மாஃப் சென்சாரில் படிந்து, தராசை மறுபடியும் கெடுக்கலாம். எண்ணெய் இல்லாத செயற்கை இழை ஃபில்டர் இந்தக் காருக்கு எனக்குப் பிடித்த நடுவழி. இன்னொன்று: காகித ஃபில்டரில் மெல்லிய தூசிப் படலம் படிந்தபின் அது புதியதைவிட நன்றாக வடிகட்டும். வாராவாரம் எடுத்துத் தட்டுவது நல்ல எண்ணம்தான், பலன் எதிர்மாறு.

எரிபொருள் மிச்சமாகும் என்ற வாக்குறுதிக்கு ஒரு பத்தி போதும். அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகம் 2009-ல் வெளியிட்ட ஆய்வில், ஃபில்டர் நன்றாக அடைத்துக்கொண்டபோதும் நவீன இன்ஜெக்‌ஷன் கார்களின் மைலேஜில் பொருட்படுத்தும்படி மாற்றம் இல்லை, வேகமெடுப்பதுதான் குறைந்தது என்று கண்டார்கள். அடைத்த ஃபில்டரே மைலேஜைக் குறைக்கவில்லை என்றால், விலையுயர்ந்த ஃபில்டர் எதைக் கூட்டும்?

சத்தத்தைப் பற்றிப் பேச எனக்குத் தயக்கம் இல்லை. இன்டேக் மாற்ற அதுவே நேர்மையான, முழுமையான காரணம். நான்கு சிலிண்டர் இன்ஜின் ஒரு சுற்றுக்கு இரண்டு முறை மூச்சிழுக்கும். 4,200 சுற்றில் அது நொடிக்கு 140 துடிப்பு, பாட்டுக்காரர்கள் கணக்கில் ஏறக்குறைய ஒன்றரைக் கட்டை. 7,000-க்கு ஏறும்போது 233 துடிப்பு, ஆறரைக் கட்டை. கச்சேரியில் ஆண்குரல் சஞ்சரிக்கும் அதே நிலப்பரப்பு. அந்த ஒலி நம் நெஞ்சைத் தொடுவதில் வியப்பில்லை. தொழிற்சாலைக் குழாயின் பக்கவாட்டில் சுரைக்குடுக்கைபோல் தொங்கும் பிளாஸ்டிக் அறைகள் அந்த ஒலியில் சில சுருதிகளைத் தேர்ந்து அடக்குபவை. இயற்பியலாளர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் விளக்கிய அதிர்வுக் குடுவைகள். அதே சமயம் 86-இன் முதன்மைப் பொறியாளர் டெட்சுயா டாடாவின் குழு, இன்டேக் துடிப்பை ஒரு குழாய் வழியே பயணிகள் அறைக்குக் கொண்டுவரும் ஏற்பாட்டையும் வைத்தது. ஓட்டுகிறவர் காதுக்கு இன்ஜின் கேட்க வேண்டும் என்று கம்பெனியே கவலைப்பட்டிருக்கிறது. அந்த ஒலி இன்னும் வேண்டும் என்று விரும்புகிறவர், நல்ல மூடிய பெட்டி இன்டேக்கை வாங்கி மகிழலாம். சக்திக்காக வாங்கினேன் என்று தன்னையே நம்பவைக்கத் தேவையில்லை.

சட்டம் ஊருக்கு ஊர் வேறு. மிகக் கடுமையானது கலிஃபோர்னியா. அங்கே வாகனச் சட்டத்தின் 27156-ஆம் பிரிவு, புகை கட்டுப்பாட்டைப் பாதிக்கக்கூடிய உறுப்புகளை மாற்றத் தடை விதிக்கிறது. மாநிலக் காற்றுவள வாரியம் சோதித்து ஆணை எண் கொடுத்த பொருளுக்கு மட்டும் விலக்கு. ஸ்மாக் செக் எனும் புகைச் சோதனையில் பானெட்டைத் திறந்து அந்த எண்ணைத் தேடுவார்கள். எண் இல்லையென்றால் புகை எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் தேற முடியாது. அங்கே வசிப்பவர்களுக்கு இது ஒரு நன்மையும்கூட: ஆணை எண் பெற்ற இன்டேக் என்றால், அதை மாட்டினால் புகை அளவு கெடாது என்று வேறொருவர் சரிபார்த்திருக்கிறார்.

இனி அந்தப் பள்ளத்துக்கு வருவோம். இத்தனை பேச்சும் அதில்தானே தொடங்கியது. காற்று வழியில் தடை இருந்தால் அதன் தாக்கம் காற்று அதிகம் ஓடும் உச்ச வேகத்தில் கூடுதலாகத் தெரிய வேண்டும். 4,000 சுற்றில் இன்ஜினுக்குத் தேவைப்படும் காற்று 7,000-ல் தேவைப்படுவதில் பாதியைவிடச் சற்றுத்தான் அதிகம். தடை சுமார் மூன்றில் ஒரு பங்காக இறங்கிவிடும். ஆகவே நடுவில் விழுந்து மேலே எழும் பள்ளத்துக்கு ஃபில்டர் பெட்டி காரணமாக இருக்க முடியாது. சிலிண்டர்களிலிருந்து புகையை வாங்கும் எக்ஸாஸ்ட் ஹெடரில் போய்த் திரும்பும் அழுத்த அலைகளும் வால்வு திறக்கும் நேரமும்தான் அதன் வேர். ஹெடரை மாற்றிக் கம்ப்யூட்டரையும் ட்யூன் செய்தவர்களின் டைனோ வரைபடங்களில் பள்ளம் பெருமளவு நிரம்புகிறது. இன்டேக்கை மட்டும் மாற்றியவர்களுடையதில் பள்ளம் அப்படியே கிடக்கிறது. சங்கடம் என்னவென்றால், தொழிற்சாலை ஹெடரோடு முதல் வினையூக்கி மாற்றி இணைந்தே இருக்கிறது. அதைக் கழற்றும் பல ஹெடர்கள் சாலைக்குச் சட்டப்படி செல்லாதவை. பலன் தரும் வைத்தியம் கடினமாகவும், பலன் தராதது எளிதாகவும் இருப்பதால்தான் எளியதை இத்தனை பேர் வாங்குகிறார்கள்.

2021-ல் வந்த இரண்டாம் தலைமுறையில் தயாரிப்பாளர்களே என்ன செய்தார்கள் என்பது நல்ல சாட்சி. பிஸ்டன் ஓடும் தூரத்தை 86 மில்லிமீட்டரிலேயே விட்டுவிட்டு, சிலிண்டர் விட்டத்தை 94 ஆக்கி, இன்ஜினை 2.4 லிட்டராகப் பெருக்கினார்கள். உச்ச முறுக்குவிசை இப்போது 3,700 சுற்றிலேயே 250 நியூட்டன்மீட்டர் வருகிறது, பழைய பள்ளம் இருந்த அதே இடத்தில். முதல் தலைமுறைக் காரில் அந்த உச்சம் 6,400-க்கு மேல்தான் வந்தது, அதுவும் 205.

முதல் தலைமுறைக் கார் வைத்திருப்பவருக்கு நான் சொல்லக்கூடியது ஒரு சோதனை. பயணிகள் அறைக்கு ஒலி கொண்டுபோகும் குழாய், ஃபில்டருக்கும் த்ராட்டிலுக்கும் நடுவில் இன்டேக்கிலிருந்து பிரிகிறது. அதைக் கழற்றி, அந்தத் துளையைக் காற்றுப் புகாமல் அடைத்து, அதில் ஒரு மெல்லிய குழாயை நுழைத்து காருக்குள் கொண்டுவாருங்கள். அதன் முனையில், ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் நிறமில்லாத பிளாஸ்டிக் டியூபை இரண்டு கையும் ஒரு மீட்டர் இருக்கும்படி யு வடிவில் பலகையில் கட்டி, பாதியளவு நிறத்தண்ணீர் ஊற்றி, பக்கத்தில் ஒரு அளவுகோலை ஒட்டுங்கள். பந்தயத் தடத்திலோ டைனோவிலோ ஒருவர் முழுக்க மிதித்து உச்ச சுற்றுக்குப் போகட்டும். இன்னொருவர் தண்ணீரைப் பார்க்கட்டும். இரு கைகளுக்கும் நடுவே தெரியும் ஒவ்வொரு பத்து சென்டிமீட்டர் வித்தியாசமும் ஒரு கிலோபாஸ்கல், அதாவது கிட்டத்தட்ட இரண்டு குதிரைத்திறன். பிறகு ஃபில்டரை மட்டும் எடுத்துவிட்டு ஒரே ஒரு முறை மறுபடி பார்த்தால், அந்த இழப்பில் ஃபில்டருடைய பங்கு எவ்வளவு, பெட்டியுடையது எவ்வளவு என்பதும் தண்ணீரிலேயே தெரிந்துவிடும்.